ஏழு எண்ணும்போது கால் ஏன் சறுக்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

ப்ரொக் ரொக் (ப்ரொக்ரெசிவ் ரொக், நீண்ட பாட்டும் சிக்கலான தாளமும் கொண்ட ரொக் வகை) இசை, நேரலைக் கச்சேரி, கணினி விளையாட்டு, இணையப் புதிர்கள் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பியவற்றில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கோயில் பஜனையில் தாளம் போட்டுப் பழகியவன் நான். பிங்க் ஃபுளோய்ட் குழுவின் 'மணி' (Money, காசு) பாட்டுக்கு மட்டும் தாளம் நிற்பதில்லை. நடுவில் கிட்டார் வந்ததும் எண்ணிக்கை முழுதாகக் குழம்புகிறது. எங்கே பிழை விடுகிறேன்? – ஹட்டன் வாசகர்

பதில்: பாட்டு ஏழில் நடக்கிறது, உங்கள் கால் இரண்டில் நடக்கிறது. அவ்வளவுதான் பிரச்சினை. வலது, இடது என்று மாறிமாறித் தட்டினால் முதல் ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) வலதில் தொடங்கும், அடுத்தது இடதில் தொடங்கும். பதினான்கு அடி முடிந்த பிறகுதான் மறுபடி வலதுக்கு வரும். அதற்குள் தாளம் தவறிவிட்டதாக நினைத்து ஓர் அடியை நாமே கூட்டிவிடுகிறோம். சறுக்கல் அங்கேதான்.

காலை விட்டுவிட்டுக் கையில் போடுங்கள். திஸ்ர ஜாதி திரிபுட தாளம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் 3+2+2. பேஸ் கிட்டாரின் ஒவ்வோர் அடிக்கும் ஓர் அட்சரம், அதாவது கையில் ஓர் எண்ணிக்கை. அந்தப் பேஸ் வரிசையில் இரண்டாவது அடியில் மட்டும் இரண்டு சுரங்கள் நெருக்கி விழும், மற்ற ஆறிலும் ஒவ்வொன்றுதான். நெருக்கல் உங்கள் சுண்டுவிரலில் விழுந்தால் சரியாகப் போகிறீர்கள். மோதிரவிரலில் விழுந்தால் ஓர் அட்சரம் முந்திவிட்டீர்கள் என்று அர்த்தம். பாட்டை நிறுத்தாமல் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

பழகுவதற்கு நல்ல இடம் பாட்டின் முதல் சில வினாடிகள். காசு குலுங்கும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாவற்றையும் ஒலிநாடாவில் பதிந்து, துண்டுதுண்டாக வெட்டி, ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். 1973இல் கணினி கிடையாது, எல்லாம் கைவேலை. அந்த வளையமே ஏழு அடிதான். வேறு வாத்தியம் எதுவும் குறுக்கிடாததால் எண்ண வசதி.

சாக்ஸபோன் தனி ஆவர்த்தனம் ஏழிலேயே போகும். கிட்டார் தனி தொடங்கும் இடத்தில் பாட்டு நான்குக்கு மாறிவிடுகிறது, கடைசிச் சரணத்துக்கு முன் ஏழுக்குத் திரும்புகிறது. நீங்கள் குழம்புவது அதனால்தான். கிட்டார் வந்ததும் ஆதி தாளத்துக்குத் தாவுங்கள். ஆதி என்பது சதுஸ்ர ஜாதி திரிபுடைதானே! முதல் அங்கத்தில் நடுவிரலையும் சேர்த்து மூன்றை நான்காக்கினால் போதும், பின்னால் வரும் தட்டும் வீச்சும் அப்படியே இருக்கும். ஓர் ஆவர்த்தனத்துக்குள் அவர்களுடைய நான்கடிச் சுற்று இரண்டு அடங்கிவிடும்.

இது கைவந்ததும் கனடாவின் ரஷ் குழுவின் 'வை வை இசட்' (1981) கேளுங்கள். டொரொண்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகள் மூன்றையும் மோர்ஸ் சங்கேதத்தில் அடித்துத் தொடங்கும் பாட்டு அது. நீளக்கோட்டுக்கு இரண்டு மாத்திரை, புள்ளிக்கு ஒன்று என்று வைத்தால் முதல் எழுத்து 2+1+2+2, அதாவது ஏழு. இரண்டாவதும் அதே ஏழு. மூன்றாவது 2+2+1+1, ஆறு. கூட்டினால் இருபது; நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து அடி. மிருதங்கம் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு தேன்.

கேள்வி: இலண்டனில் நடக்கும் கச்சேரியின் நேரலைக்குப் பணம் கட்டினேன். நேரத்தைப் பிழையாகக் கணக்கிட்டுப் பாதியைத் தவறவிட்டேன். டேட்டாவும் எதிர்பார்த்ததைவிட அதிகம் போய்விட்டது. – தலவாக்கலை வாசகி

பதில்: நம் நேரம் ஆண்டு முழுவதும் ஒன்றே, அவர்களுடையது இரண்டு முறை மாறுகிறது. பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், மற்றக் காலத்தில் ஐந்தரை. ஆகவே அங்கே இரவு 8.00 என்றால் நமக்குக் கோடையில் நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. இரண்டிலும் தேதி மாறிவிடும்: சனிக்கிழமைக் கச்சேரி நமக்கு ஞாயிறு அதிகாலை. நியூயோர்க்கின் இரவு 8.00 கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. அமெரிக்காவில் நேரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மார்ச்சில் சில வாரங்களும் ஒக்டோபர் முடிவில் ஒரு வாரமும் இரண்டு நாடுகளும் ஒத்துப்போகாது, அப்போதுதான் பலர் தவறவிடுகிறார்கள்.

டேட்டாவுக்கு எளிய கணக்கு உண்டு. படம் வினாடிக்கு 5 மெகாபிட் இழுத்தால் மணிக்கு 2.25 ஜிபி, மூன்று மணிநேரக் கச்சேரிக்கு 6.75 ஜிபி. 2.5 மெகாபிட் தரத்துக்கு இறக்கினால் பாதிதான். 'தானியங்கி' என்பதில் விடாமல் தரத்தை நீங்களே பூட்டிவிடுங்கள். போன் திரையில் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: பாட்டுக்கு ஏற்பப் பொத்தான் அழுத்தும் க்ளோன் ஹீரோ விளையாட்டில் ரஷ் பாட்டுகளைச் சரியாக அழுத்தினாலும் பிந்தியதாகவே கணக்காகிறது. ஒன்லைன் துப்பாக்கி விளையாட்டோ மழை வந்தால் இழுக்கிறது. புது ரவுட்டர் வாங்க வேண்டுமா? – பண்டாரவளை வாசகர்

பதில்: இவை இரண்டும் வேறுவேறு கோளாறுகள். ரவுட்டருக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

முதலாவதுக்குக் காரணம் பெரும்பாலும் புளூடூத் ஹெட்போன். சாதாரண புளூடூத்தில் சத்தம் 150 முதல் 250 மில்லிவினாடி பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடி 500 மில்லிவினாடி, அதில் கால் அடி 125. ஆக ஒரு முழு கால் அடிக்கும் மேலே பிந்தித்தான் உங்கள் காதுக்கு வருகிறது. ஒயர் உள்ள ஹெட்போன் பாவியுங்கள். தொலைக்காட்சியில் விளையாடினால் அதில் 'கேம் மோட்' போடுங்கள். அதன் பிறகு விளையாட்டின் அமைப்புக்குள் ஒலித் தாமதத்தையும் படத் தாமதத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒலியை அளக்கும்போது கண்ணை மூடிச் சத்தத்துக்கு மட்டும் அழுத்துங்கள், படத்தை அளக்கும்போது சத்தத்தை முழுதாக நிறுத்திவிடுங்கள். இரண்டையும் கலந்தால் எண் பிழையாகும், ஒவ்வொரு பாட்டிலும் அது உங்களைத் துரத்தும். ரஷ் ரசிகர் என்பதால் ஒன்று: 2010இல் வந்த 'கிட்டார் ஹீரோ: வாரியர்ஸ் ஒஃப் ரொக்' விளையாட்டில் '2112' தொகுப்பின் ஏழு பகுதிகளும் முழுதாக இருக்கின்றன.

இரண்டாவதுக்கு, கணினியின் கட்டளைத் திரையில் ரவுட்டரின் முகவரிக்கு 'பிங்' (பதில் திரும்பிவர எடுக்கும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். 5 மில்லிவினாடிக்கு மேல் அடிக்கடி தாவினால் சிக்கல் வீட்டு வைஃபையில். ஒயர் போட்டால் தீரும். அது சரியென்றால் 8.8.8.8 என்ற கூகிள் முகவரிக்கு பிங் ஓடவிட்டுக்கொண்டே வீட்டில் வேறொருவரை ஒரு வீடியோவை மேலேற்றச் சொல்லுங்கள். 60 மில்லிவினாடியில் நின்ற எண் 300, 400 என்று ஏறினால் ரவுட்டருக்குள் தரவு வரிசை கட்டி நிற்கிறது என்று பொருள். ரவுட்டரில் வேகக் கட்டுப்பாடு இருந்தால், மேலேற்றும் வேகத்தை அளந்து அதில் 85 வீதத்தில் உச்ச வரம்பு வையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், இழுவை நின்றுவிடும்.

4ஜி ரவுட்டர் என்றால் வைக்கும் இடம்தான் பாதி வெற்றி. தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையை மறிக்கும், லயக் காம்பராவின் (தோட்ட வரிசை வீட்டு அறையின்) நடுவில் வைத்த ரவுட்டர் தவித்துப்போகும். கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'ஆர்எஸ்ஆர்பி' (RSRP, சிக்னலின் பலம்) என்ற எண் மைனஸ் 95ஐவிட நல்லதாக இருந்தால் போதும், மைனஸ் 110க்குக் கீழே போனால் மோசம். அதைவிட முக்கியம் 'சினர்' (SINR, இரைச்சலோடு ஒப்பிடும்போது சிக்னலின் தெளிவு) என்ற எண். அது 13க்கு மேல் இருக்கட்டும். ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றிப் பார்த்து, சினர் அதிகமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள், சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். 4ஜி அலையை மழைத்துளி அவ்வளவாகக் குறைக்காது. ஜன்னலுக்கு முன் நிற்கும் யூகலிப்டஸின் நனைந்த இலைகள் குறைக்கும். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே நுண்ணலை இணைப்பு இருந்தால் கடும் மழையில் அதுவும் தளரும். அதற்கு வீட்டிலிருந்து செய்யக்கூடியது எதுவுமில்லை.

சிங்கப்பூர் சேர்வரில் விளையாடுவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லிவினாடி. கேபிள் வளைந்து போவதால் நடப்பில் கூடும். எந்த விலை ரவுட்டராலும் அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது.

கேள்வி: பிங்க் ஃபுளோய்ட் கச்சேரியில் விளக்குகள் இணையப் புதிருக்குப் பதில் சொன்னதாகச் சொல்கிறார்களே, கட்டுக்கதையா? – பதுளை வாசகர்

பதில்: உண்மை. 1994 ஜூனில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத மேடையின் குழுவொன்றில் 'பப்ளியஸ்' என்ற பெயரில் ஒருவர், 'த டிவிஷன் பெல்' இசைத்தட்டில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது என்று எழுதத் தொடங்கினார். நம்பாதவர்களுக்காக, ஜூலை 18 அன்று நியூஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபர்டில் நடக்கும் கச்சேரியில் அடையாளம் காட்டுவதாக முன்கூட்டியே சொன்னார். அன்றிரவு மேடையின் முன்விளிம்பு விளக்குகளில் 'எனிக்மா', 'பப்ளியஸ்' என்ற சொற்கள் ஒளிர்ந்தன. அவர் எழுதியது பின்லாந்தின் அநாமதேய அஞ்சல் சேவை வழியாக. அது 1996இல் மூடப்பட்டது. புதிர் அவிழ்ந்ததாக இன்றுவரை அறிவிப்பு இல்லை.

கேள்வி: வீட்டில் 80களில் ரேடியோவிலிருந்து பதிந்த கசெட் ஒன்று உண்டு. அதில் நீளமான ஒரு ப்ரொக் பாட்டு, பெயர் தெரியாது. போன் செயலி அடையாளம் காணவில்லை. கசெட்டில் வெள்ளைப் பூஞ்சணமும் இருக்கிறது. – வெலிமடை வாசகி

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள்: அதைப் பிளேயரில் போட்டுச் சுற்றிவிடாதீர்கள். நம் ஈரப்பதத்தில் பூஞ்சணம் நாடாச் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வேகமாகச் சுற்றினால் நாடா அறும், பூஞ்சணம் பிளேயரின் தலைக்கும் (நாடாவைப் படிக்கும் பகுதி) பரவும்.

கசெட்டை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து ஓரிரு வாரம் உலரவிடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கக் கூடாது. பிறகு முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்துத் திறவுங்கள். ஐந்து திருகாணி உள்ள மூடி என்றால் சுலபம். ஒட்டி மூடியது என்றால் மூடியை உடைத்து, நாடாவைத் திருகாணி உள்ள வேறு கசெட் கூட்டுக்குள் மாற்ற வேண்டும். சுற்றின் மேற்பரப்பில் உள்ள பூஞ்சணத்தை உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். பென்சிலால் மெதுவாக ஒரு முறை முழுதாகச் சுற்றி, ஒட்டுப்பட்ட இடத்தில் நின்று நிதானமாக விடுவியுங்கள். ஓட்டிய பிறகு பிளேயர் தலையை 99 வீத ஐசோபுரொபைல் அற்ககோலால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அற்ககோல் வேண்டாம், லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

கணினியில் பதிவுசெய்ய, பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு ஒயர் கொடுத்து, உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருந்தால் தலையின் சாய்வு பொருந்தவில்லை. தலையின் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பி, சிம்பல் சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

செயலி தோற்றதற்குக் காரணம் அநேகமாக வேகம். பதிந்த பிளேயரும் ஓட்டும் பிளேயரும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் சுருதி நகர்ந்துவிடும், செயலியின் ஒப்பீடு தவறும். நமக்கு ஓர் அளவுகோல் இலவசமாகக் கிடைக்கிறது: மின்சார முரலல். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கரண்டில் ஓடிய ரேடியோவில் பதிந்திருந்தால் அந்த முரலலும் நாடாவில் மெல்லியதாக ஏறியிருக்கும். இப்போது பிளேயரையும் மடிக்கணினியையும் பெட்டரியில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் இன்றைய முரலலும் கலந்து குழப்பும். ஓடாசிட்டி (Audacity) என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் பாட்டில்லாத அமைதியான இடத்தைத் தேர்ந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் அலைமாலை வரைபடத்தை (Plot Spectrum) 65536 அளவில் எடுங்கள். 50க்குப் பக்கத்தில் சிகரம் தெளிவில்லாவிட்டால் 150க்குப் பக்கத்தில் பாருங்கள், அங்கே வித்தியாசம் மூன்று மடங்காகத் தெரியும். 150 இருக்க வேண்டிய இடத்தில் 154.5 என்றால் நாடா 3 வீதம் வேகமாக ஓடுகிறது. 'வேகம் மாற்று' என்ற கட்டளையில் 0.971 கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை வேறு, அது வேண்டாம். திருத்திய ஒலியைச் செயலிக்குக் கேட்கவிடுங்கள்.

அதிலும் கிடைக்காவிட்டால், முன்னும் பின்னும் பதிவான பாட்டுகள், அறிவிப்பாளர் சொன்ன அரைச்சொல், கசெட் உறையில் எழுதிய தேதி எல்லாவற்றையும் குறித்து, முப்பது வினாடித் துண்டோடு இசை ரசிகர்களிடம் கேளுங்கள். ஜெர்மனியில் 1984 வாக்கில் வானொலியிலிருந்து பதிந்த பெயரற்ற பாட்டொன்றை 2007 முதல் உலகமே தேடியது. பழைய பத்திரிகைச் செய்திகளைப் புரட்டிய ஒருவரால் 2024 நவம்பரில் அது கீல் நகரத்து ஃபெக்ஸ் குழுவின் பாட்டு என்று தெரிந்தது. பாடியவர்களுக்கே தங்கள் பாட்டை இத்தனை பேர் தேடியது அப்போதுதான் தெரியும். ஆகவே உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: ஏப்ரல் வசந்த காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு ப்ரொக் குழுவை அழைத்துச் சிறு மண்டபத்தில் வாசிக்கவைக்க எண்ணுகிறோம். பணமும் குளிரும்தான் பயம். – நுவரெலியா வாசகர்கள்

பதில்: பணத்தை முதலில் சேருங்கள், மண்டபத்தை அதன் பிறகு பதியுங்கள். ப்ரொக் ரசிகர்களுக்கு இதில் நல்ல முன்னோடி உண்டு: 1997இல் பிரித்தானியாவின் மரிலியன் என்ற ப்ரொக் குழு அமெரிக்கா வரக் காசில்லாமல் நின்றபோது ரசிகர்களே இணையத்தில் கூடி 60,000 டொலர் திரட்டினார்கள். பிறகு 2001இல் வந்த இசைத்தட்டுக்கு 12,000க்கும் அதிகமானோர் அது உருவாகும் முன்பே பணம் கட்டினார்கள். போதிய தொகை சேராவிட்டால் யாருக்கு எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள்.

மின்சாரத்தில், 13 அம்பியர் சொக்கெட் ஒன்று தரக்கூடியது 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. விளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் ஒரே இணைப்பில் போட வேண்டாம், மங்கவைக்கும் விளக்கின் இரைச்சல் கிட்டாரில் கேட்கும். குளிரிலிருந்து வந்த கருவியைச் சூடான மண்டபத்தில் உடனே திறந்தால் ஈரம் படியும். பெட்டியை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறவுங்கள். குளிரில் உருக்குத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்கின் சூட்டில் இறங்கும். விளக்கைப் போட்டு அரை மணி கழித்து, அந்த வெளிச்சத்திலேயே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். பார்வையாளருக்கு நுரைக் காதடைப்பான்களும் வாங்கி வையுங்கள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் கால் மணிதான், ப்ரொக் பாட்டு ஒன்றே அதைத் தாண்டிவிடும்.