கையேட்டில் ஸ்கிரீன்ஷாட் மங்காமல் இருக்க எந்த மென்பொருள் நல்லது?

திரையில் பளிச்சென்று இருக்கும் ஸ்கிரீன்ஷாட், வேர்டில் போட்டு பிடிஎஃப் ஆக்கியதும் மங்கிவிடுகிறது, வேறு எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸோடு வரும் ஸ்னிப்பிங் டூலே போதும். எந்தக் கருவியானாலும் திரையில் இருக்கிற பிக்சல்களை, அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளைத்தான் நகலெடுக்கும். அதனால் பொத்தானை அமுக்குவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும்.

பலரும் முழுத் திரையையும் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். 1920 பிக்சல் அகலப் படத்தை ஏ4 தாளில் 6 அங்குலத்துக்குள் அடக்கினால் அங்குலத்துக்கு 320 பிக்சல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100% அளவில் ஓடும் விண்டோஸ், அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில் எழுத்தை வரைகிறது. ஆக, 9 பாயின்ட் மெனு எழுத்து தாளில் 3 பாயின்ட்கூட வராது. பூதக்கண்ணாடிதான் வேண்டும்.

இதற்கு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேலை 200% ஆக்குங்கள். ஜன்னலை முழுதாக விரிக்காமல், 1200 பிக்சல் அகலம் வரும்படி இழுத்துச் சுருக்கி, ஆல்ட்டோடு பிரின்ட் ஸ்கிரீன் அமுக்கினால் அந்த ஜன்னல் மட்டும் வரும். இப்போது அதே 6 அங்குலத்தில் எழுத்து எட்டரை பாயின்டுக்கு மேல் நிற்கும், அங்குலத்துக்கு 200 பிக்சலும் கிடைக்கும். எடுத்த பிறகு பெயின்டில் இழுத்துப் பெரிதாக்குவது மட்டும் கூடவே கூடாது. இல்லாத பிக்சலுக்கு அது எங்கே போகும்?

இணையப் பக்கம் என்றால் இன்னும் சுலபம். பிரவுசரில் கன்ட்ரோல், பிளஸ் அமுக்கி 150% வரை பெரிதாக்கிவிட்டு எடுங்கள்.

அப்புறம் கோப்பு வகை. பிஎன்ஜி தவிர வேறெதிலும் சேமிக்காதீர்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. புகைப்படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, எழுத்தின் கூரிய ஓரத்திலோ தூசு படிந்தது போலத் தெரியும். தமிழ் இடைமுகம் என்றால் பாதிப்பு அதிகம்: மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, 'க்' எது 'க' எது என்று தெரியாமல் போகும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதிதான், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் வேர்ட் காலை வாரலாம், ஏனென்றால் சேமிக்கும்போது படங்களைச் சுருக்கும் பழக்கம் அதற்கு உண்டு. ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் 'டூ நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதில் டிக் போடுங்கள். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தினால், பிடிஎஃப் ஆக்கும்போது லாஸ்லெஸ் கம்ப்ரஷனை (தரம் குறையாத சுருக்கம்) தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண் தெரிந்தால் மங்கலாக்கி மறைக்காதீர்கள், சில சமயம் அதைத் திரும்பப் படித்துவிட முடியும். கறுப்புப் பெட்டியைப் படத்திலேயே வரைந்து சேமியுங்கள். வேர்டில் படத்தின் மேல் பெட்டி வைத்தால் யாரும் நகர்த்திவிடலாம். வேர்டில் க்ராப் செய்த பகுதியும் கோப்புக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெட்டுவதை வெளியிலேயே முடித்துவிட்டு ஒட்டுங்கள்.