பச்சை மனிதன் எரிந்தாலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்

22 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வழக்கமாக எனக்கு வரும் கேள்விகள் தேர்வைப் பற்றியோ பார்க்கிங் பற்றியோ இருக்கும். இந்த முறை பாதிக்கு மேல் நடந்து போகிறவர்கள் எழுதியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கூடவே, ஓட்டுபவர்கள் கேட்ட இரண்டு.

என் அப்பாவுக்கு 76 வயது. தினமும் ஈரச்சந்தைக்கு நடந்து போவார். சாலையில் பாதி தூரம் போவதற்குள், நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் மின்ன ஆரம்பித்துவிடுகிறது. என்ன செய்வது? (தோ பாயோ வாசகி)

அப்பாவிடம் மூத்தோருக்கான சலுகைப் பயண அட்டை இருக்கும். அடுத்த முறை அவரோடு போகும்போது, பொத்தான் இருக்கும் கம்பத்தைப் பாருங்கள். பல இடங்களில் பொத்தானுக்கு மேலே அட்டையை வைக்க ஒரு பெட்டி இருக்கும். 'கிரீன் மேன் பிளஸ்' என்று 2009ல் தொடங்கியது. அட்டையை அதில் வைத்தால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடிகள் வரை பச்சை மனிதன் கூடுதலாக எரியும். உடற்குறை உள்ளவர்களுக்கும் இதற்கென்று தனி அட்டை உண்டு.

பல பெரியவர்களுக்கு இது தெரியும், ஆனாலும் பயன்படுத்துவதில்லை. "எனக்காக இத்தனை கார் நிற்கணுமா?" என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டிருக்கிறார். நிற்கட்டும். உங்கள் அப்பாவுக்கும் அதையே சொல்லுங்கள்.

பச்சை மனிதன் மின்னத் தொடங்கியபின் சாலையில் காலை வைக்கக் கூடாது. ஏற்கெனவே பாதி வழியில் இருந்தால் திரும்ப வேண்டாம், கடந்து முடிக்கலாம். அதனால் மீதி வினாடிகளை நம்பி இறங்காமல், அடுத்த பச்சை வரும்வரை நின்று, அது விழுந்ததும் ஒருமுறை பார்த்துவிட்டு, தாமதிக்காமல் புறப்படுவதுதான் அவருக்கு நல்லது. 2014 முதல் மூத்தோர் அதிகம் வசிக்கும் பேட்டைகளில் 'சில்வர் ஸோன்' அமைத்து வருகிறார்கள். அங்கே வேக வரம்பு 40 அல்லது 30 கிலோமீட்டர்தான். நடுவில் நின்று இரண்டு கட்டமாகக் கடக்கவும் இடம் விட்டிருப்பார்கள். அப்படி ஒரு வழி இருந்தால், இரண்டு நிமிடம் சுற்றினாலும் அப்பா அதிலேயே போகட்டும்.

ஓட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பச்சை விழுந்தபின்னும் ஒரு பெரியவர் சாலையில் இருந்தால், காரை இஞ்ச் இஞ்சாக நகர்த்தாதீர்கள். அவர் பதறி வேகமாக நடப்பார், தடுக்கி விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பச்சை மனிதன் எரியும்போதுதான் சாலையைக் கடந்தேன். கார் மோதினால் என்மீதும் தப்பு என்று சொல்ல முடியுமா? அப்படி ஒரு தீர்ப்பு இருப்பதாக நண்பர் சொல்கிறார். நம்ப முடியவில்லை. (புக்கிட் பாத்தோக் வாசகர்)

நண்பர் சொன்னது சரிதான். 2016ல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்பைத் தந்தது. பச்சை மனிதன் எரியும்போது கடந்தவரை டாக்சி மோதிய வழக்கு அது. ஓட்டுநர் மீது 85 விழுக்காடு பொறுப்பு, நடந்தவர் மீது 15 விழுக்காடு என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். பச்சை எரிந்தாலும் வாகனம் வருகிறதா என்று பார்க்கும் கடமை நடப்பவருக்கும் உண்டு என்பதுதான் அதன் சாரம்.

இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இழப்பீட்டு வழக்கு. நடந்தவர் குற்றம் செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. இழப்பீடு ஒரு லட்சம் வெள்ளி என்று கணக்கிட்டால் கையில் 85,000 வெள்ளி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. விதிப்படி நடந்தவருக்கு எதற்குப் பங்கு என்றுதான் தோன்றியது. இன்றும் ஓட்டுநர்தான் முழுப் பொறுப்பு என்று ஒருவர் வாதிட்டால் அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் மனைவியும் பிள்ளைகளும் சாலையைக் கடக்கும்போது அவர்களுக்கு நான் சொல்வது அந்த 15 விழுக்காட்டின் பக்கம்தான் இருக்கிறது. காரணம், 85, 15 என்று பிரிப்பதெல்லாம் பிறகு நீதிமன்றத்தில் நடப்பது. சாலையில் அப்படிப் பிரிவதில்லை. எலும்பு முறிவது ஒருவருக்கு மட்டும்தான்.

வேகத்தின் கணக்கையும் சொல்கிறேன். பலகை எதுவும் இல்லாத நம் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மோதுவது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் நான்காம் மாடி. அதே கார் 30 கிலோமீட்டரில் வந்தால் மூன்றரை மீட்டர், அதாவது இரண்டாம் மாடி. 20 கிலோமீட்டர் குறைந்ததற்கு இரண்டு மாடி வித்தியாசம்.

அதனால் பச்சை விழுந்ததும் ஒரு மூச்சு நில்லுங்கள். வலப்பக்கம் பாருங்கள், இறங்குங்கள். நடுத்திட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் பாருங்கள். மாலையில் கார் கண்ணாடிக்குள் ஓட்டுநர் முகம் தெரியாது. அப்போது முன்சக்கரத்தைப் பாருங்கள். வேகம் குறைவது முதலில் அங்கேதான் தெரியும். இப்படிப் பார்ப்பதால் உங்கள் உரிமையில் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தத் தீர்ப்பை என்னிடம் உற்சாகமாக எடுத்துச் சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. "பார்த்தீங்களா, அவங்க மேலயும் தப்பு இருக்கு." ஐயா, அந்த 85ஐயும் ஒருமுறை படியுங்கள்.

சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் கார்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நடந்து வந்த ஒருவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். கை இன்னும் நடுங்குகிறது. (செங்காங், ஓட்டத் தொடங்கி ஆறு மாதம்)

நடுங்கட்டும் தம்பி, நல்லதுதான். அதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி.

வட்டப் பச்சை விளக்கு எரியும்போது, எதிரே இடைவெளி கிடைத்தால் வலப்பக்கம் திரும்பலாம். நீங்கள் திரும்பப் போகும் சாலையைக் கடப்பவர்களுக்கும் அதே நேரத்தில் பச்சை மனிதன் எரிகிறது. உங்கள் கண் முழுவதும் எதிர்க் கார்கள் மீது. இடைவெளி கிடைத்ததும் வலது கால் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது. மனிதர் கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான். 2018 முதல் நிலப் போக்குவரத்து ஆணையம் பல சந்திப்புகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறி விளக்குகளைப் பொருத்தி, திரும்பும் கார்களையும் நடப்பவர்களையும் தனித்தனி நேரத்தில் விடுகிறது. அது இல்லாத இடத்தில் பார்க்கும் வரிசையை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

முதலில் கடக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே யாராவது இருந்தால், வரப்போகிறவர் போலத் தெரிந்தால், எதிரே எவ்வளவு பெரிய இடைவெளி கிடைத்தாலும் அது உங்களுக்கானது இல்லை. கடக்கும் இடம் காலியாக இருந்தால் மட்டும் இடைவெளியைத் தேடுங்கள். திரும்பும்போது மறுபடியும் ஒரு பார்வை. வேகம், கோட்டுக்கு முன் நிறுத்த முடிகிற அளவுக்கு.

முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணையும் மறக்காதீர்கள். ஒரு முழு ஆளை அது மறைக்கும். நீங்கள் மெதுவாகத் திரும்ப, அவர் அதே போக்கில் நடக்க, கடைசி வரை தூணுக்குப் பின்னாலேயே இருப்பார். தலையை மட்டும் திருப்பினால் போதாது. உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள்.

என் மாணவர் ஒருவர் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதே மாதிரி காத்திருந்தார். பின்னால் ஒரு வேன் விடாமல் ஹார்ன் அடித்தது. அவர் அவசரப்பட்டு நகர்த்திவிட்டார். என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தபோது, சந்தைத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போன ஓர் அம்மா எங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றார். வண்டியில் இருந்த தக்காளி சாலையில் உருண்டது. இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எல்லா மாணவர்களிடமும் சொல்வது ஒன்றுதான்: ஹார்ன் அடிப்பவருக்கு உங்கள் முன்னால் இருப்பது தெரியாது.

நடப்பவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சந்திப்பில் திரும்பும் கார் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்தும் வரலாம். தோளுக்கு மேல் ஒருமுறை பாருங்கள்.

ஊரில் கையைக் காட்டிக்கொண்டே கடந்தால் வண்டி நிற்கும். இங்கே துவாஸ் பக்கம் அப்படி இறங்கியதற்கு லாரிக்காரர் கத்திவிட்டுப் போனார். இங்கே ஏன் இப்படி? (கட்டுமான ஊழியர், தஞ்சாவூர்க்காரர்)

தம்பி, ஊரில் கடைத்தெருவில் ஓட்டுகிறவர், எந்த நேரமும் யாராவது குறுக்கே வருவார்கள் என்று எதிர்பார்த்தே ஓட்டுவார். வண்டியும் மெதுவாகத்தான் போகும். இங்கே, கடக்கும் இடம் தவிர வேறெங்கும் ஆள் வரமாட்டார் என்று நினைத்து ஓட்டுகிறார்கள். துவாஸ் சாலைகள் அகலமானவை, நேரானவை, பாரவண்டிகள் நிறைந்தவை. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு வண்டி வினாடிக்கு 14 மீட்டர் ஓடும். உங்களைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் 20 மீட்டர் போய்விடும். பிறகு நிற்க, காய்ந்த சாலையில் நல்ல காருக்கே இன்னொரு 14 மீட்டர் வேண்டும். மழையில், சரக்கு ஏற்றிய லாரிக்கு, இன்னும் எவ்வளவோ. நீங்கள் காட்டும் கை அவருக்குத் தெரிந்தாலும் அவரால் நிறுத்த முடியாது.

விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். கடக்கும் இடமோ நடப்பவர்களுக்கான மேம்பாலமோ இருந்தால், அதன் இருபுறமும் 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் சாலையைக் கடப்பது குற்றம். 50 வெள்ளி அபராதம் விதிப்பார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் தண்டனை இன்னும் பெரிது. விரைவுச்சாலையில் நடந்து போகவே அனுமதி இல்லை.

வேலையிடத்தில் போடும் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியைக் கழற்றிப் பையில் வைக்காதீர்கள். விடுதிக்கு நடந்து போகும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். உங்களை இறக்கிவிட்ட லாரிக்கு முன்னால் ஒட்டிக் கடக்க வேண்டாம். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியின் மூக்குக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார். நடைபாதை இல்லாத இடத்தில், வண்டிகள் உங்களுக்கு எதிரே வரும்படியான பக்கத்தில் நடங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கூட்டம் நடைபாதையிலிருந்து சாலைக்கு வழியும். பேச்சு சுவாரஸ்யத்தில் பின்வாங்கும்போது பின்னால் ஒரு பார்வை இருக்கட்டும்.

ஓட்டுகிறவர்களே, ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் போகிறீர்கள் என்றால் ஊரில் ஓட்டுவது மாதிரி ஓட்டுங்கள். அங்கே கூடும் ஊழியர்கள் வாரம் ஒருநாள் நண்பர்களைப் பார்க்க வருகிறவர்கள்.

நடைபாதையில் சைக்கிள்காரர்கள் பின்னால் வந்து மணி அடிக்கிறார்கள். நான்தான் ஒதுங்க வேண்டுமா? (பிடோக் வாசகி)

வேண்டாம். நடைபாதையில் சைக்கிளுக்கு 10 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. மின்ஸ்கூட்டருக்கு 2019 நவம்பரிலிருந்து அங்கே இடமே இல்லை. சைக்கிள் பாதையும் நடைபாதையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையில் சைக்கிள் ஓட்டுவது 2025 ஜூலை முதல் குற்றம். நீங்களும் சைக்கிள் பாதையில் நாலு பேராகக் கைகோத்துப் போகாதீர்கள். மணி சத்தம் கேட்டால் துள்ளாமல், போன வழியே நேராக நடங்கள். எந்தப் பக்கம் துள்ளுவீர்கள் என்று ஓட்டுபவருக்குத் தெரியாது.

மகள் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். தனியாக நடந்து பள்ளிக்குப் போக விடலாமா? (ஈசூன் வாசகர்)

வயதைவிட வழியைப் பாருங்கள். சிங்கப்பூரில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7 மணி ஆகிவிடும். பிள்ளைகளோ ஆறரைக்கே இருட்டில் கிளம்புகிறார்கள். பள்ளி வட்டாரத்தில் விளக்கு மின்னும்போது வேக வரம்பு 40. ஆனால் உங்கள் புளோக்கிலிருந்து அந்த வட்டாரம் வரை உள்ள சாலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு மாதம் கூடவே நடங்கள். பிறகு பத்தடி பின்னால் நடந்து, அவளே முடிவெடுக்கிறாளா என்று பாருங்கள். நின்று, இருபக்கமும் பார்த்து, சக்கரம் நின்றபின் கடந்தால் விடலாம். பையில் ஒளிரும் பட்டை ஒன்று ஒட்டுங்கள்.

கார் நிறுத்துமிடத்தைக் குறுக்குவழியாக எடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பின்வாங்கும் காரில் அவள் உயரம் ஓட்டுநருக்குத் தெரியாது. மின்கார் வரும் சத்தமும் அவளுக்குக் கேட்காது.

காரில் கூட்டிவரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்திவிட்டு "ஓடி வா கண்ணு" என்று கூப்பிடாதீர்கள். அம்மாவைப் பார்த்த பிள்ளை சாலையைப் பார்க்காது. நீங்கள் இறங்கி அந்தப் பக்கம் போங்கள்.

மழையில் நடப்பதற்கு ஏதாவது யோசனை? (கிளமெண்டி)

சாரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் குடையைச் சாய்ப்போம். கார் வருவதும் அந்தப் பக்கமாகவே இருந்தால் எதுவும் தெரியாது. இறங்குவதற்கு முன் குடையை உயர்த்திப் பாருங்கள். முகம் நனைந்தால் நனையட்டும்.

வரிக்குதிரைக் கடப்பில் நின்று, "வாங்க" என்று கை காட்டினேன். மனைவி அது தப்பு என்கிறார். மரியாதைதானே? (தெம்பனீஸ்)

நின்றது சரி. கை காட்டியதில்தான் உங்கள் மனைவி சொல்வது சரி. நீங்கள் கை காட்டினால், "பாதை பாதுகாப்பாக இருக்கிறது" என்று அவர் எடுத்துக்கொண்டு பார்க்காமல் இறங்குவார். உங்கள் பக்கத்துத் தடத்தில் வருபவருக்கு உங்கள் கார்தான் தெரியும், அதன் முன்னால் நடக்கும் ஆள் தெரியாது. கோட்டுக்குச் சற்று முன்னதாகவே நிறுத்துங்கள், இரண்டு தடத்தாருக்கும் கடப்பவர் தெரியட்டும். கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும். அவரே பார்த்து, அவருக்குத் தோன்றும்போது வரட்டும்.