‘ஜிஞ்சர்’ நம் இஞ்சிதானா?

கேள்வி: ‘ஜிஞ்சர்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘இஞ்சிவேர்’தான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் நேரே போய்ச் சேரவில்லை. பின்னோக்கிப் போனால் பழைய ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சிஃபெர்’, அதற்கு முன் பிற்கால லத்தீனில் ‘ஜிஞ்சிபெர்’, அதற்கும் முன் கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’. கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவரான டயோஸ்கோரிடீஸ் இந்தக் கிரேக்க வடிவத்தை எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்து, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் ‘சிங்கிவேர’ ஓர் எட்டுத்தான்.

சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேர’ உண்டு. ‘கொம்பு போன்ற உடல்’ என்று பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். கிரேக்கச் சொல்லின் முதல் அசையில் ரகரம் இல்லை, இகரம்தான் இருக்கிறது. ஆகவே அது சமஸ்கிருத வடிவிலிருந்து போகவில்லை, பாலி போன்ற பிராகிருத மொழி வடிவிலிருந்து போனது.

‘இஞ்சி’யில் சகர முதலும் ககரமும் இல்லையே என்று கேட்பீர்கள். பழைய திராவிட வடிவம் ‘சிங்கி’ போன்றது என்பது தாமஸ் பரோ போன்ற அறிஞர்களின் முடிவு. சொல்லின் முதலில் நின்ற சகரம் தமிழில் உதிர்வது புதிதல்ல: சிறகு–இறகு, சிப்பி–இப்பி. ‘ஆறு’ என்ற நம் எண், கோண்டி என்ற திராவிட மொழியில் ‘சாருங்’. இகர, எகரத்துக்கு முன் ககரம் சகரமாவதும் பழகிய மாற்றம்தான். கன்னடக் ‘கிவி’ நமக்குச் ‘செவி’. தமிழில் மாறிப்போன ஒலிகளைப் பாலி காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘வேர’ என்ற பின்பாதி நம் வேரேதான்.

கேள்வி: ‘ஜிஞ்சர்லி’, ‘ஜிஞ்சர்பிரெட்’ இரண்டும் இதே குடும்பமா?

பதில்: முதலாவது இல்லை. மெல்ல, பதமாக என்று பொருள்படும் ‘ஜிஞ்சர்லி’ பழைய பிரெஞ்சில் ‘நயமான’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள். இரண்டாவது குடும்பம்தான், வால் மட்டும் போலி. பிரெஞ்சு ‘ஜிஞ்ஜெப்ராஸ்’ என்பது பதப்படுத்திய இஞ்சி. அதன் கடைசி அசை ஆங்கிலேயர் காதில் ‘பிரெட்’ என்று விழுந்தது. ரொட்டிக்கும் அதற்கும் முதலில் தொடர்பே இல்லை.

கேள்வி: அப்படியானால் ‘ரைஸ்’ நம் அரிசியா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ‘ரைஸ்’ என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்க ‘ஒரிசா’வுக்கு அரிசியின் சாயல் இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஈரானிய மொழிகளில் ஒன்றான பஷ்தூவில் அரிசிக்கு ‘வ்ரிஷே’ போன்ற சொல் இருக்கிறது, சமஸ்கிருதத்தில் ‘வ்ரீஹி’. ஈரானிய மொழிகள் வழியே கிரேக்கத்துக்குப் போனது என்பதற்கே ஒலிச்சான்று வலுவாக இருக்கிறது.