கேளுங்க, சொல்றேன்: காற்றாலையில் யாருக்குப் பங்கு?

கே: டென்மார்க்கில் ஊர் மக்களே காசு போட்டுக் காற்றாலை வைக்கிறார்களாம். பிரான்ஸில் அந்தப் பேச்சே இல்லையே? மக்களின் குணமா, அரசியலா?
– வாசகி, கும்பகோணம்

ப: அரசியல்தான் அம்மா. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே, மிடல்குரூண்டன் என்ற இடத்தில் 2000-ல் கடலுக்குள் 20 காற்றாலைகள் நட்டார்கள். பாதி நகர மின்நிறுவனத்துக்கு, பாதி கூட்டுறவுச் சங்கத்துக்கு. சங்கத்தில் மொத்தம் 40,500 பங்கு. ஒரு பங்கு 4,250 குரோனர் (டென்மார்க் நாணயம்). ஒரு பங்குக்கு வருஷம் 1,000 யூனிட் உற்பத்தி என்று கணக்கு. எட்டாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். முதல் திட்டம் மூன்று வரிசையில் 27 காற்றாலை. பார்வைக்கு நன்றாயில்லை என்று ஆட்சேபம் வந்ததும் ஒரே வளைவாக 20 ஆக்கிவிட்டார்கள். கருத்துக்கேட்புக்குப் பிறகு வரைபடம் மாறியதாம்! மின்வாரியத்தில் காலம் தள்ளிய எனக்கே இது கதை மாதிரி இருக்கிறது.

பிரான்ஸில் 1974-ல் எண்ணெய் விலை எகிறியதும் பிரதமர் மெஸ்மேர் அணு உலைகளை வரிசையாக அறிவித்தார். நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்புகூடக் கிடையாது. உலையும் அரசு நிறுவனத்துடையது, பில்லும் அதனுடையது. மக்கள் எங்கே பங்கு கேட்பது?

கே: ஜெர்மனி எந்தப் பக்கம்?
– வாசகர், திருச்செங்கோடு

ப: இரண்டும் கலந்தது: கீழே ஊராரின் முயற்சி, மேலே அரசின் சட்டம். கருங்காட்டுப் பகுதியில் ஷோனாவ் என்று ஒரு குட்டி ஊர். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்ததும் பிள்ளை பெற்றவர்கள் சிலர் கூடி அணுமின்சாரம் வேண்டாம் என்றார்கள். நகரமன்றமோ பழைய மின்கம்பெனிக்கே மின்விநியோக உரிமத்தை நீட்டிக்கப் பார்த்தது. 1991-ல் ஊரே ஓட்டுப் போட்டு அதைத் தடுத்தது. 1996-ல் இன்னொரு ஓட்டெடுப்பு, அதிலும் அவர்கள் பக்கமே ஜெயித்தது. மின்கம்பிகளுக்குக் கம்பெனி சொன்ன விலையைக் கட்ட நாடு முழுக்க நன்கொடை திரட்டி, 1997-ல் கம்பியும் மீட்டரும் ஊராரின் கைக்கு வந்தன. 2000-ல் வந்த சட்டம், யார் கூரையில் சூரிய ஒளியிலோ, நிலத்தில் காற்றாலையிலோ மின்சாரம் எடுத்தாலும் 20 வருஷம் நிலையான விலை என்று உறுதி தந்தது. விவசாயிகளும் சங்கங்களும் துணிந்து இறங்கினார்கள்.

கே: அப்புறம் ஏலம் விட்டுக் கெடுத்துவிட்டார்களா?
– அதே வாசகர்

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! 2017-ல் காற்றாலைக்கு ஏலம் வந்தது: நிலையான விலை போய், குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு. தோற்றால் திட்டத்துக்குச் செலவு செய்த பணம் போச்சு. சின்னச் சங்கம் அதைத் தாங்குமா? அதனால் மக்கள் குழுக்களுக்கென்று தனிச் சலுகை வைத்தார்கள். அந்த வருஷ ஏலங்களில் ஜெயித்தது 90 சதவீதத்துக்கு மேல் ‘மக்கள் குழுக்கள்’தான். ஆனால் பலவற்றுக்குப் பின்னால் பெரிய காற்றாலைக் கம்பெனிகளே இருந்தன. அடுத்த வருஷமே முக்கியச் சலுகையை நிறுத்திவிட்டார்கள்.