கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் பகுதி சுகாதார நிலையத்தை இடம் மாற்றக் கருத்துக் கேட்கிறார்களாம். போய்ப் பேசி என்ன மாறிவிடப் போகிறது?

பதில்: கட்டாயம் போங்கள். போனதும், ‘எதை இன்னும் முடிவு செய்யவில்லை?’ என்று முதலில் கேளுங்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றால் அது வெறும் அறிவிப்பு. அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை 8 படி ஏணியாகப் பிரித்தார். கருத்துக் கேட்பது அதில் 4-ஆவது படிதான், அதிகாரம் உண்மையில் பகிரப்படுவது 6-இலிருந்து. கைக்குழந்தையோடு பேருந்து நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், வேலை முடிந்து வரும்போது கதவு திறந்திருக்குமா என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அப்புறம், கூட்டம் பகலில் என்றால் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? எது ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.