எடின்பரோ ஹோவர்கிராஃப்ட் திட்டத்தை உள்ளூர்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள்?

எல்லாரும் எதிர்க்கவில்லை, எந்தக் கரையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் வடகரையிலுள்ள கர்காடியிலிருந்து எடின்பரோவின் போர்ட்டபெல்லோ கடற்கரைக்கு 2007 ஜூலையில் ஸ்டேஜ்கோச் என்ற போக்குவரத்து நிறுவனம் ஹோவர்கிராஃப்டை, அதாவது காற்று மெத்தைமேல் மிதந்து நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டியை, இரண்டு வாரம் சோதனை ஓட்டம் விட்டது, சுமார் 32,000 பேர் ஏறினார்கள். பாலத்தைச் சுற்றிப் போய் நெரிசலில் நிற்பதற்குப் பதில் இருபது நிமிடத்தில் அக்கரை என்றால் கர்காடிக்காரர்களுக்குக் கசக்குமா?

போர்ட்டபெல்லோ கதை வேறு. அங்கே மணலை ஒட்டியே நடைபாதை, அதை ஒட்டியே வீடுகள். இந்த வண்டி படகு மாதிரி துறையில் நிற்காது. பின்னால் பெரிய விசிறிகள் இரைய, அடியில் ரப்பர் பாவாடை உப்பிக்கொண்டு, நீர்த்திவலையை வாரி இறைத்தபடி நேரே கரையேறி, அப்புறம்தான் புஸ்ஸென்று அமரும். ஒரு நாள் வேடிக்கை பார்க்கலாம், சரி, தினமும் காலையிலிருந்து ஜன்னலுக்கு எதிரே என்றால்? சத்தம், கடற்கரையில் கட்டடம், கார் நிறுத்தம் என்று கவலைகள் சேர்ந்துகொண்டன. 2011 இறுதியில் எடின்பரோ மாநகராட்சி அனுமதி மறுத்தது, நிறுவனமும் திட்டத்தைக் கைவிட்டது.

எனக்கென்னவோ, லாபம் ஒரு கரைக்கும் இரைச்சல் மறுகரைக்கும் என்று பிரிந்ததுதான் சிக்கல்.