மாடியில் சத்தம், கீழே சண்டை: வீட்டு உரிமையாளர் என்ன செய்வது?

கேள்வி: சென்னையில் எனக்கு மாடியும் கீழுமாக இரண்டு போர்ஷன். ராத்திரியில் மேலே ஒரே சத்தம் என்று கீழ்வீட்டுக்காரர் வாராவாரம் போன் செய்கிறார். மாடியில் கேட்டால், "நாங்கள் சத்தமே போடுவதில்லை சார்" என்கிறார்கள். யாரைக் காலி செய்யச் சொல்வது?

பதில்: இப்போதைக்கு யாரையும் சொல்லாதீர்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். முதலில் கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர் வீட்டு ஹாலில் போய் உட்காருங்கள்.

நாற்காலியை இழுப்பது, கட்டிலை நகர்த்துவது, கிரைண்டர் ஓடுவது எல்லாம் கான்கிரீட் தளத்தின் வழியே அதிர்வாக இறங்கும். மேலே இருப்பவருக்கு அது பெரிதாகக் கேட்காது, கீழே தலைமேல் உருட்டுவதுபோல் இருக்கும். ஒரு வீட்டில், "வேண்டுமென்றே எதையோ உருட்டுகிறார்கள்" என்று மாதக்கணக்கில் சண்டை. போய்ப் பார்த்தால், கிரைண்டர் சுவரை ஒட்டி இருந்தது. கீழ்வீட்டுச் சுவரில் கை வைத்தால் அதிர்வு விரலுக்குத் தெரிந்தது. அதை நாலு விரல் தள்ளி, தடித்த ரப்பர் மேட்டின் மேல் வைத்ததும் சண்டை ஓய்ந்துவிட்டது. நாற்காலிக் கால்களுக்கும் ரப்பர் புஷ் மாட்டச் சொல்லுங்கள். கட்டடம் உங்களுடையது, அதனால் செலவை நீங்களே ஏற்பதுதான் நியாயம்.

டிவி, பாட்டு, பார்ட்டி என்றால் விஷயம் வேறு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாடிக்காரரிடம் நேரில் பேசுங்கள், "கீழ்வீட்டார் சொன்னார்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். நானே வந்து கேட்டேன் என்று சொல்லுங்கள். குழந்தைகள் பகலில் ஓடியாடுவதைப் பொறுத்துக்கொள்ளும்படி கீழ்வீட்டாரிடமும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறமும் தொடர்ந்தால், தேதி, நேரம் குறிப்பிட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. காலி செய்ய வைப்பதானாலும் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான். அடுத்த ஒப்பந்தத்தில், ராத்திரி பத்துக்கு மேல் கிரைண்டர் போடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இரண்டு போர்ஷனுக்கும்.